இடிந்தும் ஈயும் இல்லம்

புதுமனை மந்திரிப்புக்கு அழைப்பு வந்தால் மறுக்கும் பங்குத்தந்தை எவரும் இலர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பங்குப் பணியில் நாம் மந்திரித்த வீடுகளுக்குக் கணக்கு வைத்ததில்லை. தீர்த்தச் செம்பும் செபநூலுமாக அறை அறையாய் நடந்து, முன்வாசலில் தொடங்கி மொட்டைமாடி வரை தீர்த்தம் தெளித்து இறங்குவோம். பல வீடுகளில் இரு குரல்கள் நம் செவியில் விழுவதுண்டு. முன்னறையில் வீட்டுத் தலைவரின் குரல் உரக்க ஒலிக்கும்: "அடியிலிருந்து உச்சி வரைக்கும் கம்பியும் சிமெண்டும்தான் சாமி. பழைய சாமான் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை." கடைசி அறையில், மற்றவர்கள் பந்திக்குச் சென்றபின், வீட்டுத் தலைவியின் குரல் தாழ்ந்து ஒலிக்கும்: "கடன் கழுத்தை நெரிக்குது சாமி. மகளோட நகைகூட அடகில் இருக்கு. செபிச்சுக்கங்க."

முதற்குரலின் பெருமையும் இரண்டாம் குரலின் வேதனையும் ஒரே சுவரின் இரு பக்கங்கள் என்பதை நாம் நெடுங்காலம் உணரவில்லை. உணர்ந்தபின்னும் வாய் திறக்கவில்லை. பந்தியில் அமர்ந்து உண்டோம், "நல்ல வீடு" என்று வாழ்த்தினோம், திரும்பினோம். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறோம்.

நாம் வழக்காட வந்திருப்பது இதற்காகத்தான். ஒரு வீடு நல்ல வீடா என்பதை, அது நிமிர்ந்து நிற்கும் கோலத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் கல்லும் மண்ணும் எங்கிருந்து, யாருடைய பங்கிலிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். அது வீழ்கின்ற நாளில் அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுத்துவிட்டு வீழும் என்றும் பார்க்க வேண்டும். இவ்விரு கேள்விகளுக்கும் நாணாமல் விடை சொல்லக்கூடியது, மண்ணாலும் சுண்ணாம்பாலும் பழைய மரத்தாலும் பழைய ஓட்டாலும் அளவறிந்து கட்டிய சிறிய வீடேயாகும். அதனை ஏழ்மையின் அடையாளம் என்று இகழ்வது அறியாமை. அந்த அறியாமையை வளர்த்தவர்களுள் நாமும் இருக்கிறோம்.

நம் குற்றத்தை முதலில் அறிக்கையிடுவோம். முன்னர் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கற்சுவர். பனங்கைகள் தாங்கிய ஓட்டுக்கூரை. ஒற்றை மரத்தில் இழைத்த நிலைகள். ஓடுகள் சில பெயர்ந்து மழைநீர் ஒழுகிற்று. ஓட்டை மாற்றினால் போதும் என்றார் ஊரின் முதிய கொத்தனார். இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்புவதே கௌரவம் என்றனர் பங்குப் பேரவையினர். நாம் கௌரவத்தின் பக்கம் சாய்ந்தோம். இடிப்புக்கு வந்த ஆட்கள் கரண்டியால் தட்டத் தட்டக் காரை உதிர்ந்து, செங்கற்கள் முழுமுழுக் கற்களாக வெளிவந்ததை நின்று பார்த்தோம். பனங்கைகள் கருங்காலி போல் இறுகியிருந்தன. அவ்வளவையும் இடிப்புக் கூலிக்கு ஈடாக ஒப்பந்தக்காரர் ஏற்றிச் சென்றார். இடத்தைத் துப்புரவாக்கித் தந்தார் என்று அவருக்கு நன்றியும் சொன்னோம்!

இன்று அங்கே நிற்கும் புதுக் கட்டடத்தின் தளத்தில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பி உதிர்கிறது. பங்குனி வெயிலில் பிள்ளைகள் அதற்குள் வேகிறார்கள். அதனை ஒருநாள் இடிக்க வேண்டிவரும். அன்று கம்பியைப் பிரித்து எடைக்குப் போடலாம். எஞ்சியது பள்ளம் நிரப்பத்தான் உதவும். அள்ளிச் செல்ல நாமே கூலி கொடுக்க வேண்டும். நம் முன்னோர் இடிந்தும் ஈயும் கட்டடத்தை நமக்கு விட்டுச் சென்றனர். நாம் நம் பின்னோருக்கு விட்டுச்செல்வது இடிபாட்டுக் குப்பை.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டு நீற்றினால் கட்டடச் சுண்ணாம்பு கிடைக்கிறது. சூளையில் அது இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சியே சுவரில் இறுகுகிறது. இறுகினாலும் செங்கல்லை விட மென்மையாகவே இருக்கிறது. ஆகவே பிரிக்கும்போது காரை விட்டுக்கொடுக்கிறது, கல் பிழைக்கிறது. சிமெண்டோ ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் பிறப்பது. அது கல்லை இறுகப் பற்றினால் விடுவதில்லை. பிரிக்க முயன்றால் கல்லே உடையும்.

உலகில் மாந்தர் செயலால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது என்பர் அறிவியலார். அதிலும் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. கல்லே வெந்து கக்குவது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. சிமெண்டுக்குத் துணையாகச் சேரும் மணலின் கதையை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு ஆற்றுமணல் குவாரிகளைத் தமிழக அரசே தன் பொறுப்பில் எடுத்தது, கொள்ளை ஓயவில்லை. பாலாறும் காவிரியும் வைகையும் தாமிரபரணியும் மடியிழந்து கிடக்கின்றன. மணற்படுகைதான் வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக் கோடையில் கிணறுகளுக்கு ஊட்டுவது. ஆற்றில் மணல் அருகியபின் மலையை உடைத்துப் பொடித்து 'எம்-சாண்ட்' என்று பூசுகிறோம். நம் வீட்டுச் சுவருக்குள் அடுத்த ஊரின் குடிநீரும் குன்றும் புதைந்து கிடக்கின்றன. பிறருடைய பொருளைக் களவாடாதிருக்கக் கட்டளை பெற்றவர்கள், இதனை ஆன்ம சோதனையில் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

"பாறைமேல் வீடு கட்டச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே? மண்வீடு கட்டச் சொல்கிறீர்களே!" என்று ஒருவர் நம்மை மடக்கினார். ஆண்டவர் பேசியது அடித்தளத்தைப் பற்றி, சுவரைப் பற்றியன்று. அவருடைய நாட்டில் எளியோர் வீடுகள் அண்மையில் கிடைத்த கல்லாலும் சேற்றுச் சாந்தாலும் எழுந்தவை. கூரையோ மரச்சட்டங்களின்மேல் நாணலும் குழையும் பரப்பி மண் மெழுகியது. முடக்குவாதமுற்றவனைக் கட்டிலோடு இறக்க நண்பர் நால்வரால் அக்கூரையைப் பிரிக்க முடிந்தது என்பதையும் நினைவிற்கொள்க.

இவ்வாறு பேசுவது பழமைப் பித்து என்று ஒதுக்குவோருக்கு நம் அண்டை மாநிலத்திலேயே விடை இருக்கிறது. லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து கட்டடக்கலை பயின்றவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். போர்க்காலத்தில் சீனத்தில் நோயாளர் பணி செய்து திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1945இல் தொழுநோயாளர் இல்லங்களின் கட்டடப் பணிக்காக இந்தியா வந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு எழ வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவருடைய வாழ்நாள் நெறியாயிற்று. கேரள மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயத்துப் பித்தோராகரில் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்கே அவருடைய திறனை முதலில் மதித்தவர்களுள் ஒருவர், வறியோருக்கு வீடு கட்டித்தர முனைந்த பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் என்பது நமக்குப் பெருமை. ஸ்ரீகாரியத்தில் அவர் எழுப்பிய லயோலா சிற்றாலயத்தில் ஒளியும் காற்றும் செங்கற்பின்னல் வழியே நுழைகின்றன. பெரும் பொருட்செலவு இல்லாமலும் இறைவனின் இல்லம் அழகு பெறும் என்பதற்கு அது சான்று.

பேக்கரின் முறைகளில் மாயம் ஒன்றுமில்லை. செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' கால்பங்கு கற்களை மிச்சப்படுத்தும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பளுவை இழுவிசையாகத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. ஆதலால் அங்கே கம்பிகளுக்கு இடையில் கழித்த பழைய ஓடுகளைப் பதித்துத் தளம் ஒட்டினார். சிமெண்ட் குறைந்தது, தளத்தின் பாரமும் குறைந்தது. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தமக்கெனக் கட்டிய வீட்டில் பிறர் கழித்த கதவுகளையும் சன்னல்களையும் புட்டிகளையும்கூடப் பொருத்தினார். 1990இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2007இல் அவர் மறைந்தபோது விட்டுச்சென்றது ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் குடியிருக்கும் சுவர்களை. அவரைப் பித்தர் என்பீரா, பெருமகன் என்பீரா?

எனில், அத்தகைய வீட்டை எவ்வாறு திட்டமிடுவது? முதற்கேள்வி, "எத்தனை அறை?" என்பதாக இருத்தல் ஆகாது. "இங்கே எத்தனை பேர் உறங்குவார்கள், எத்தனை பேர் உண்பார்கள்?" என்பதாக இருக்க வேண்டும். நால்வர் வாழும் குடும்பத்துக்கு 450 அல்லது 500 சதுர அடி, நல்ல திண்ணையும் பரணும் இருந்தால், போதும். விருந்தினருக்கென ஆண்டு முழுதும் பூட்டிக்கிடக்கும் அறையின் வட்டியைத்தான் அந்தத் தாய் கடைசி அறையில் அழுதுகொண்டே கட்டுகிறாள்.

இரண்டாவது, வரைபடத்துக்கு முன் பொருளைத் தேட வேண்டும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் நிலை, கதவு, சன்னல், உத்திரம், ஓடு ஆகியவற்றைச் சேர்த்துவிட்டு, அவற்றின் அளவுக்கேற்பச் சுவரில் வாய் விட வேண்டும். வரைபடம் முதலில் போட்டு, அதற்குப் பொருந்தும் பழங்கதவைத் தேடி அலைபவர் இறுதியில் புதுக்கதவே வாங்குவார். ஓட்டை விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும்; மங்கலாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கும். பனங்கையில் கருத்த வைரப்பகுதியைக் கொள்க. வெளுத்த பகுதியைத் தள்ளுக. செட்டிநாட்டு மாளிகைகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிக் கடைத்தெருவில் விலைபோய், தொலைநகர விடுதிகளை அலங்கரிக்கின்றன. செல்வர் விலைகொடுத்து வாங்கும் பழமையை எளியவர் வெட்கத்தோடு வீசுகின்றனர். விந்தை அன்றோ?

மூன்றாவது, மண்ணை அறிய வேண்டும். மேல்மண் தோட்டத்துக்குரியது, அதனை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒருபங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஒருநாள் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். மணல் மிகுந்தும் களி அளவாயும் இருந்தால் அம்மண் அழுத்தக் கற்களுக்கு ஏற்றது. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து பொறியில் அழுத்தி, நீர் தெளித்து ஆற்றினால் போதும். சூளையும் விறகும் வேண்டா. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டடக்கலை நிறுவனம் இம்முறையைப் பலருக்குக் கற்பித்து வருகிறது. கரிசல்மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்; அதனை அப்படியே சுவருக்கு எடுக்கலாகாது. மண்ணெடுத்த பள்ளத்தை மூடாமல் மழைநீர்த் தொட்டியாக்கலாம்.

நான்காவது, மண்சுவருக்கு நல்ல செருப்பும் நல்ல தொப்பியும் வேண்டும். கருங்கல் அடித்தளமும் ஒன்றரை அடிக்குக் குறையாத மேடையும் செருப்பு. சுவரைத் தாண்டி இரண்டடி வெளியே நீளும் தாழ்வாரம் தொப்பி. இவையிரண்டும் இருந்தால் மழை சுவரைத் தீண்டாது. இவையின்றிக் கட்டிவிட்டு, "மண் கரைந்தது" என்று மண்ணைப் பழிப்பது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மேகத்தைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

எதிர்வாதங்களை நாம் அறியாமலில்லை. "மண்வீடு நிலைக்காது" என்பர். ஏமன் நாட்டின் ஷிபாம் நகரில், வெயிலில் உலர்த்திய மண்கற்களால் எழுந்த பல மாடி வீடுகள் 16ஆம் நூற்றாண்டு முதல் நிற்கின்றன; ஆண்டுதோறும் பேணுகிறார்கள், நிற்கின்றன. "கரையான் அரிக்கும்" என்பர். ஈர மண்ணைத் தொடும் மரத்தையே கரையான் எளிதில் நாடும். கல்மேடைமேல் நிறுத்தி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் காக்கலாம். "கட்டத் தெரிந்த கொத்தனார் இல்லை" என்பர். இது மெய்யான குறை. ஆனால் வேலை கொடாமல் அக்கைகளை மறக்கடித்தவர்கள் யார்? "வங்கி கடன் தராது" என்பர். இதுவும் பல இடங்களில் மெய்யே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மண்சுவர் நிலையற்ற பொருள்களின் வரிசையிலேயே வைக்கப்பட்டது. அரசின் அகராதி திருந்த வேண்டும். அதற்குக் குரல்கொடுப்பதும் பொதுநிலையினரின் கடமையே.

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். எல்லா இடத்துக்கும் மண் பொருந்தாது. வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் மண்சுவர் ஆகாது. கீற்றுக்கூரையை நாம் பரிந்துரைக்கவுமில்லை. 2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் கீற்றில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று; அதனை மறந்து பேச எவருக்கும் உரிமையில்லை. புயல் வீசும் கரையில் கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் பிணைத்தாக வேண்டும். அங்கே கம்பியும் சிமெண்டும் தேவையான அளவு சேரட்டும். சிமெண்டை நாம் சபிக்கவில்லை. உணவில் உப்புப்போல் இருக்க வேண்டியது உப்பே உணவாகிவிட்டது என்பதே நம் முறையீடு.

இறுதியாக, "மண்வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்?" என்பர். எல்லா வாதங்களுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் உண்மையான வாதம் இதுவே. வீடு நமக்கு உறைவிடமாக இல்லை. ஊருக்குக் காட்டும் சான்றிதழாக இருக்கிறது. இந்நோயைத் திருச்சபையின் நிறுவனங்களே வளர்த்தன என்று சொல்ல நமக்குத் துயரமாக இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின், நாகைக் கரையில் தொண்டு நிறுவனங்கள் பல, நம்மவர் உட்பட, தட்டைத் தளமிட்ட கான்கிரீட் வீடுகளை வரிசை வரிசையாக எழுப்பின. அன்பினால் செய்தோம், ஐயமில்லை. ஆயினும் வலை பின்னத் திண்ணை வேண்டுமா, மீன் உலர்த்த நிழல் வேண்டுமா என்று மீனவப் பெண்களிடம் எத்தனை பேர் கேட்டோம்? 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். அம்மடலைக் கருத்தரங்குகளில் புகழ்ந்துவிட்டு, வெளியே வந்து பழைய பங்கு இல்லத்தை இடிக்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம்.

சென்ற ஆண்டு நம் பங்கில் ஓர் இளங்கொத்தனாரின் வீட்டை மந்திரித்தோம். அளவு 420 சதுர அடி. மூன்று வீடுகள் பிரித்த இடங்களிலிருந்து மரமும் ஓடும் வாங்கிச் சேர்த்து, ஞாயிறு பிற்பகல்களில் கணவனும் மனைவியுமாக ஒன்றரை ஆண்டில் கட்டி முடித்தனர். மந்திரிப்புக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர் முன்வாசல் நிலையைத் தடவிப் பார்த்து, "நான் வாக்கப்பட்டு வந்தப்போ குனிஞ்சு நுழைஞ்ச நிலை இது சாமி" என்றார். அவர் மகன் இடித்த வீட்டு நிலை அது. அவ்வீட்டின் கடைசி அறைக்கும் சென்றோம். தாழ்ந்த குரல் ஏதும் கேட்கவில்லை. "கடன் எவ்வளவு?" என்று நாமே கேட்டோம். "ஓடு வாங்கினதில் கொஞ்சம் இருக்கு, அறுவடை வேலையில் தீர்ந்துடும்" என்றாள் அந்தப் பெண், அடுப்பை ஊதியபடியே.

வாதத்தைச் செயலாக்காமல் நிறுத்தினால் அது வெறும் மறையுரை. ஆகவே இரண்டு முடிவுகள் செய்திருக்கிறோம். பங்கு வளாகத்தின் பின்புறம் ஒரு கொட்டகை ஒதுக்கியிருக்கிறோம். வீடு பிரிப்பவர் எவரும் நிலை, கதவு, ஓடு, முழுக்கல் ஆகியவற்றை அங்கே தரலாம். வீடு கட்டும் எளியவர் ஏற்றுகூலி மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பங்கிலும் இத்தகைய கொட்டகை ஒன்று எழுமாயின், ஒப்பந்தக்காரருக்கு நன்றி சொல்லி நாம் இழந்த பனங்கைகளில் சிலவேனும் மீளும்.

மற்றொன்று, இனி மந்திரிப்புக்கு அழைக்க வருவோரிடம் நாள் குறிக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்போம். இவ்வீட்டின் மணல் எங்கிருந்து வந்தது? இவ்வீட்டின் கடன் யார் தலையில் இருக்கிறது? விடை எதுவாயினும் மந்திரிப்புக்கு வருவோம். தீர்த்தம் எவருக்கும் மறுக்கப்படாது. ஆனால் "நல்ல வீடு" என்ற சொல்லை மட்டும், அதற்குரிய வீட்டைக் காணும்வரை, வாயில் வைத்துக்கொள்வோம்.